பெயர் வைக்காத உறவு: எதைப் பேச வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும்

கல்யாணம் வேண்டாம், காதலன் காதலி என்ற பட்டமும் வேண்டாம், ஆனால் இந்த மனிதர் என் வாழ்க்கையில் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கான வழிகாட்டி இது. தோழிகளாகவே ஒரே வீட்டில் வயதாக நினைக்கும் இரண்டு பெண்கள், தனித்தனி வீட்டில் இருந்துகொண்டு துணையாக இருப்பவர்கள், ஒருபால் இணையர், மூன்று பேராக வாழ்பவர்கள் என்று யாருக்கும் இது பொருந்தும். கட்டணமும் காகிதமும் தமிழ்நாட்டுக் கணக்கு.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணம் ஆனவர்களுக்குச் சட்டமும் சொந்தபந்தமும் பாதியை முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்கின்றன. ஆஸ்பத்திரியில் யார் கையெழுத்துப் போடுவது, சொத்து யாருக்குப் போகும், பொங்கலுக்கு எந்த ஊர் என்று எல்லாவற்றுக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. உங்களுக்கு அது எதுவும் தானாக நடக்காது. ஒவ்வொன்றையும் பேசி முடிவுசெய்து, தேவையானதைத் தாளில் ஏற்றினால்தான் உண்டு. "நாங்க ரூல்ஸ் எல்லாம் வெச்சுக்கல" என்று விட்டுவிடும் வீடுகளில், பிரச்சினை வரும் நாளில் சம்பளமும் சொத்தும் யார் பெயரில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் ரூலாகிறது. இன்னொருவர் தெருவில் நிற்கிறார்.

பேச்சுக்கு ஒரு மாதம், காகிதங்களுக்கு அதற்கு மேல் இரண்டு மாதம் ஒதுக்குங்கள். வீடு பார்க்கும் அவசரத்தில் முதல் மூன்று படிகளைத் தாண்டாதீர்கள்.

1. ஆளுக்கொரு தாள், தனித்தனியாக

சேர்ந்து உட்கார்ந்து எழுதினால் ஒருவர் முகத்தைப் பார்த்து மற்றவர் எழுதுவார். அதனால் தனியாக எழுதுங்கள். இடதுபக்கம் தலைப்புகள்: ஒரே வீடா, ஒரே அறையா, தொடுதல், உடலுறவு, பிறரோடு உறவு, குழந்தை, பணம், அம்மா அப்பா கவனிப்பு, பண்டிகை, சாப்பாடு, ஊருக்கு என்ன சொல்வது, இன்ஸ்டாவில் படம், நோய்வாய்ப்பட்டால் கவனிப்பு, தனியாக இருக்க வேண்டிய நேரம். ஒவ்வொன்றுக்கும் எதிரே "வேண்டும்", "வேண்டாம்", "பேசலாம்" மூன்றில் ஒன்று.

பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவருமே "வேண்டும்" போட்டது மட்டும்தான் உங்கள் உறவில் இருக்கிறது. ஒருவர் "வேண்டாம்" போட்டிருந்தால் அது இல்லை; ஏன் என்று குடைய வேண்டாம். "பேசலாம்" என்பதற்குப் பேசும் தேதியைப் பக்கத்தில் எழுதுங்கள். தேதி போடாத "பேசலாம்" ஆறு மாதத்தில் ஒருவருக்குச் "சரி" ஆகவும் மற்றவருக்கு "இல்லை" ஆகவும் மாறிவிடும். அந்த இடத்தில்தான் சண்டை வெடிக்கும்.

ஒரே தலைப்புக்குள் அளவும் சொல்லுங்கள். "அடிக்கடி பேசணும்" என்றால் ஒருவருக்குத் தினமும் இரவு, இன்னொருவருக்கு வாரம் இரண்டு முறை. "செவ்வாயும் சனியும் நேரில், மற்ற நாள் மெசேஜ், பதில் மறுநாளுக்குள்" என்று எழுதினால் யாரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

2. சம்மதம்: எது, எது இல்லை

ஒன்றுக்குச் சொன்ன சம்மதம் மற்றொன்றுக்கு ஆகாது. நேற்றுச் சொன்னது இன்றைக்கு ஆகாது. நடுவில் "வேண்டாம்" என்றால் அங்கேயே நிற்கும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதை இங்கே முழுதாக மறக்க வேண்டும். 18 வயது நிறையாதவரின் சம்மதம் போக்சோ சட்டத்தின் முன் செல்லாது.

அதிகம் பேசப்படாத சிக்கல் ஒன்று இருக்கிறது. "முடியாது" என்று சொன்னால் வீடு போகும், வேலை போகும், ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் இருப்பவர் சொல்லும் "சரி"யை நம்பிப் பயனில்லை. அதனால் உங்களில் வசதி கூடுதலாக இருப்பவர் முதலில் ஒரு காரியம் செய்ய வேண்டும்: மற்றவர் விரும்பினால் விலகிப் போகும்படி மூன்று மாத வாடகைக்கு ஈடான பணம் அவர் பெயரிலேயே, அவர் கணக்கிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வது. அது இல்லாமல் சம்மதம் பற்றி எவ்வளவு பேசினாலும் வாய்ப்பேச்சுதான்.

ஏற்கெனவே மணமானவர் இருந்தால், அவருடைய கணவருக்கோ மனைவிக்கோ தெரியாமல் நடப்பதைச் சம்மத உறவு என்று அழைக்க வேண்டாம். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பிறர்மனை உறவு குற்றமில்லை. ஆனால் மணமுறிவுக்கு இன்றும் அது காரணம். முதல் திருமணம் முறியாமல் இன்னொரு திருமணம் செய்வது பெரும்பாலோருக்குக் குற்றம்தான். கோயிலில் மாலை மாற்றி நாலு படம் எடுத்துக்கொள்வோம் என்ற ஆசையை அதுவரை தள்ளிவையுங்கள்.

கல்யாண எண்ணம் இல்லையென்றால் அதை ஆரம்பத்திலேயே, மெசேஜிலாவது எழுத்தில் சொல்லிவிடுங்கள். நிறைவேற்றும் எண்ணமில்லாமல் கல்யாணம் செய்வதாக வாக்குக் கொடுத்து ஒரு பெண்ணோடு உடலுறவு கொண்டால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் செய்ய வேண்டாம். எதிரே இருப்பவர் வேறு ஒரு வாழ்க்கையை எண்ணிக் காத்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்வது உங்கள் கடமை.

3. எல்லை வேறு, தடை வேறு

"ஆணுறை இல்லாமல் நான் உடலுறவு வைத்துக்கொள்ள மாட்டேன்" என்பது எல்லை. உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் சொல்வது. "நீ அவனோடு பேசக் கூடாது" என்பது தடை. அடுத்தவர் வாழ்க்கைக்குப் போடும் பூட்டு. உங்கள் தாளில் "நீ... கூடாது" என்று வரும் ஒவ்வொரு வரியையும் "நான்..." என்று மாற்றி எழுதிப் பாருங்கள். மாற்ற முடிந்தது எல்லை. மாற்ற முடியாததை இருவரும் திரும்பப் பேசுங்கள். பெரும்பாலும் அதற்கு அடியில் ஒரு பயம் இருக்கும். அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொன்னாலே பாதி தீரும்.

மூன்றாமவர் ஒருவர் வரும்போது அவருக்கும் ஒரு தாள் உண்டு. ஏற்கெனவே இருக்கும் இருவர் பேசி முடித்து அவரிடம் "இதுதான் விதி" என்று நீட்டக் கூடாது.

4. உடல்நலப் பரிசோதனை

உடலுறவு உண்டென்றால் இதைத் தொடக்கத்திலேயே முடியுங்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். உங்கள் ஒப்புதல் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017 எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. சந்தேகம் கேட்க 1097.

எல்லோரும் சறுக்கும் இடம் தேதி. தொற்று ஏற்பட்ட மறுவாரம் சோதித்தால் "இல்லை" என்றுதான் வரும். கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் இருந்த நாளிலிருந்து 90 நாள் கழித்து மறுபடி ஒருமுறை எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பாருங்கள். அதுவரை ஆணுறை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், 1 மாதம், 6 மாதம். ஆணுறை கிழிந்து எச்.ஐ.வி. பயம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பு மருந்து கேளுங்கள். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது.

கருக்கலைப்புக்குத் தாலி தேவையில்லை. 2021 திருத்தத்தில் சட்டத்தில் இருந்த "கணவர்" என்ற சொல் "துணை" என்று மாறியது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரை அனுமதிக்கும் விதி மணமாகாத பெண்களுக்கும் உண்டு என்றது. 18 வயது நிறைந்த பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும். "வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று கவுன்டரில் சொன்னால், எந்த விதிப்படி என்று நிதானமாகக் கேளுங்கள்.

5. வீடு

வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் வாடகைதாரராக இருக்க வேண்டும். ஒருவர் பெயரில் எழுதி மற்றவர் "கூட இருப்பவர்" என்றால், முதலாமவர் இறந்தாலோ சண்டை போட்டுப் போனாலோ இரண்டாமவருக்கு அந்த வீட்டில் நிற்க இடமில்லை. தமிழ்நாட்டு 2017 வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அட்வான்ஸுக்குச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. அதற்கு மேல் கேட்கும் ஓனர்கள் ஊரெங்கும் உண்டு.

அட்வான்ஸில் யார் பங்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், அவரவர் கணக்கிலிருந்து அவரவர் பங்கை நேரே ஓனருக்கு அனுப்புங்கள். ஓனரிடம் கணவன் மனைவி என்று பொய் சொல்லி நுழைவதுதான் மிகப் பெரிய தவறு. பக்கத்து வீட்டார் கண்டுபிடிக்கும் அன்றைக்கு அது காலிசெய்யச் சொல்ல நல்ல சாக்காகிவிடும். "நண்பர்கள், இருவரும் வேலை பார்க்கிறோம், இது ஆதார், இது சம்பளச் சீட்டு" என்றே சொல்லுங்கள். பத்து வீட்டில் ஏழு மறுக்கலாம். தேட இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

6. பணம்

சம்பளத்தை ஒன்றாகக் கலக்காதீர்கள். வீட்டுச் செலவுக்கென்று மட்டும் ஒரு ஜாயின்ட் அக்கவுண்ட், "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில் திறங்கள். இதற்குச் சொந்தக்காரராக இருக்கத் தேவையில்லை. ஒருபால் இணையருக்கும் தடையில்லை என்று மத்திய நிதியமைச்சகம் 2024 ஆகஸ்ட்டில் அறிவுறுத்தியிருக்கிறது.

பாதிப்பாதி என்பது நியாயம் போலத் தெரியும். ஒருவர் 60,000, மற்றவர் 30,000 வாங்குகிறார்கள், வீட்டுச் செலவு 24,000 என்று வையுங்கள். பாதியாகப் போட்டால் ஒருவருக்குச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, மற்றவருக்கு ஐந்தில் இரண்டு பங்கு போகும். சம்பள விகிதத்தில் 16,000, 8,000 என்று போடுங்கள். சமைப்பது, துவைப்பது, காஸ் புக் பண்ணுவது எல்லாம் ஒருவர் தலையில் விழுந்தால் அதையும் கணக்கில் சேர்த்துப் பேசுங்கள்.

வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் உறவினர்கள் இல்லை. ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டி ஒருவர் மற்றவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால், தாண்டிய தொகைக்கு மட்டுமில்லை, முழுத் தொகைக்கும் வாங்கியவர் வரி கட்ட வேண்டும். கடனாகக் கொடுத்தால் கடன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். வங்கி வழியாகவே கொடுங்கள்.

சொத்து வாங்குவதில் இது இன்னும் வலிக்கும். 60 லட்சம் ரூபாய் வீட்டை ஒருவர் பெயரில் வாங்கிவிட்டு, பிறகு பாதியை மற்றவர் பெயருக்கு மாற்றப் போனால், 30 லட்சத்துக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 2,70,000 ரூபாய். குடும்ப உறுப்பினர்களுக்குள் செட்டில்மென்ட் என்றால் இதே மாற்றத்துக்குத் தீர்வை 1%, பதிவு 1%, அதிலும் உச்சவரம்பு உண்டு. மொத்தம் 40,000க்குள் முடியும். அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது. தானமாக எழுதினால் வாங்கியவருக்கு வருமான வரியும் சேரும். ஆகவே வாங்கும் நாளிலேயே கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரும், யாருக்கு எத்தனை சதவீதம் என்பதும் வர வேண்டும். கூட்டாக வீட்டுக்கடன் கேட்டால் உறவினர் இல்லாதவரைச் சேர்க்கப் பெரும்பாலான வங்கிகள் தயங்கும். பில்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் வங்கியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நாமினி போடுவதற்குச் செலவில்லை, ஆனால் எல்லா இடத்திலும் அது ஒரே மாதிரி வேலை செய்யாது. வங்கி வைப்புக்கு யாரையும் போடலாம். 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை, சதவீதம் பிரித்தும் போடலாம். ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். நண்பர் என்றால் வாங்கி வாரிசிடம் கொடுக்கும் ஆள் மட்டும்தான். பி.எஃப்.பில் கணவன், மனைவி, பிள்ளைகள், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர் என யாராவது இருந்தால் வெளியாளை நாமினி போட்டாலும் செல்லாது. நாமினி போட்டாயிற்று, எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்குபவர். அது யாருக்குச் சொந்தம் என்று சொல்வது உயில்.

7. ஆஸ்பத்திரி

அட்மிஷன் படிவத்தில் "உறவுமுறை" என்று ஒரு கட்டம் இருக்கும். பேனாவோடு அங்கே திகைத்து நிற்பவர்கள் பலர். "பராமரிப்பவர், ஒரே முகவரி" என்று எழுதி, கையில் இருக்கும் தாளைக் காட்டுங்கள். அந்தத் தாள்கள் இரண்டு.

ஒன்று, மனநல மருத்துவச் சட்டம் 2017இல் உள்ள நியமனப் பிரதிநிதி, அதாவது மனநல சிகிச்சை முடிவுகளில் உங்களுக்குத் துணைநிற்பவர். வெறும் தாள், உங்கள் கையெழுத்து அல்லது கைநாட்டு, அவ்வளவுதான். முத்திரைத்தாளும் வேண்டாம், சொந்தமாக இருக்கவும் வேண்டாம். "எனக்கு மனநல சிகிச்சை தேவைப்படும் காலத்தில் இன்னாரை என் நியமனப் பிரதிநிதியாக நியமிக்கிறேன்" என்று எழுதி, அவருடைய ஒப்புதலையும் கீழே வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு, முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல். மீள முடியாத நிலையில் உயிர்காக்கும் கருவிகளைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதைப் பற்றியது. 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். உங்களுக்காக முடிவெடுப்பவர்கள் என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் பெயரைப் போடுங்கள்: துணை ஒருவர், உங்களோடு ஒத்துப்போகும் அக்காவோ தம்பியோ ஒருவர். துணையை மட்டும் போட்டால், ஐ.சி.யூ. வாசலில் உங்கள் வீட்டார் வந்து நிற்கும்போது அந்த மனிதர் தனியாளாக மாட்டிக்கொள்வார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு நகல் கொடுங்கள். கைபேசியின் அவசரத் தொடர்பிலும் பர்ஸிலும் துணையின் எண் இருக்கட்டும்.

ஹெல்த் இன்சூரன்ஸ் ஆளுக்கொன்று தனியாக எடுங்கள். குடும்ப பாலிசியில் சேர்ப்பதாக ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்பி "மனைவி" என்று எழுதிவிட்டால் க்ளெய்ம் நாளில் அதுவே நிராகரிக்கக் காரணம்.

8. உயில்

உயில் இல்லாமல் இறந்தால் துணைக்கு ஒரு ரூபாய்கூடப் போகாது. வெள்ளைத்தாளில் கையால் எழுதினாலும் செல்லும். இரண்டு சாட்சிகள் முன்னால் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களும் போட வேண்டும். சொத்து பெறப்போகும் துணை சாட்சியாக இருக்கக் கூடாது. பதிவு கட்டாயமில்லை; உங்கள் விஷயத்தில் வழக்கு வர வாய்ப்பு அதிகம் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அதே வாரத்தில், தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்று ஒரு டாக்டரின் சான்றும் வாங்கி வையுங்கள். சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக இருந்தால் நல்லது. வீட்டாருக்கு ஏன் கொடுக்கவில்லை, அல்லது ஏன் குறைவு என்று ஒரு வரி கோபமில்லாமல் எழுதுங்கள். முஸ்லிம்கள் வாரிசுகளின் ஒப்புதல் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியாளுக்கு எழுத முடியாது.

9. குழந்தை

சுருக்கமாக: மணமாகாத இருவர் சேர்ந்து தத்தெடுக்க முடியாது, ஒருவர் தனியாக எடுக்கலாம், தனி ஆணுக்குப் பெண் குழந்தை தரமாட்டார்கள். இந்த முடிவை வக்கீல் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

10. வீட்டாரும் போலீஸும்

"பொண்ணைக் காணோம்" என்று புகார் போவது இங்கே வாடிக்கை. ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று ஆகியவற்றின் நகலை உங்களை நம்பும் மூன்றாவது ஆளிடம் கொடுத்து வையுங்கள். அசலை வீட்டில் பிடுங்கிக்கொள்வார்கள். ஸ்டேஷனுக்கு வக்கீலோடு போய், வயது வந்தவர், சொந்த விருப்பத்தில் இருக்கிறேன் என்று எழுதிக்கொடுங்கள்.

பால்புதுமையினருக்கு (ஒருபால் ஈர்ப்பாளர்கள், திருநர் முதலானோர்) சென்னை உயர் நீதிமன்றத்தின் துணை உண்டு. 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்ட புகாரில் இருவரும் சம்மதித்த வயதுவந்தோர் என்று தெரிந்தால் துன்புறுத்தாமல் புகாரை முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். 2022இல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்ந்தது. துன்புறுத்தும் காவலர்மேல் நடவடிக்கை எடுக்க அது வழி. 2025 மே மாதம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியில்லை, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான் என்று இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது. இந்த உத்தரவுகளின் நகல் போனில் இருக்கட்டும். இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. அடி, மிரட்டல் என்றால் பெண்கள் 181ஐ அழைக்கலாம்.

துணையே அடித்தால்? திருமணத்தின் தன்மையுள்ள உறவில் வாழும் பெண்ணுக்கு 2005 குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஊருக்கு முன் துணைவராக வாழ்ந்தார்களா, மணமுடிக்கத் தகுதி இருந்ததா, கணிசமான காலம் சேர்ந்திருந்தார்களா என்று நீதிமன்றம் பார்க்கும். "எங்களுக்குள் பட்டம் இல்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டு அந்தப் பாதுகாப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. தட்டிக்கழிக்க நினைப்பவரோடு நீங்கள் வாழவும் வேண்டாம்.

11. மூன்று மாதத்துக்கு ஒருமுறை

முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, போனைத் தள்ளிவைத்து, ஒரு மணி நேரம் உட்காருங்கள். எது மாறியிருக்கிறது, எதில் மனம் கசந்தது, பணக்கணக்கு சரியா, "பேசலாம்" எதுவும் மிச்சமா. சண்டை நடந்த அன்றைக்கு இதை வைக்காதீர்கள். அன்றைக்கு எடுத்த முடிவு பெரும்பாலும் தண்டனையாகத்தான் இருக்கும்.

12. பிரிந்தால்

இதையும் ஆரம்பத்திலேயே, அன்பு இருக்கும்போதே எழுதுங்கள். சொல்லிவிட்டுப் போக 60 நாள். வீட்டில் யார் இருப்பது, போகிறவருக்கு அட்வான்ஸ் பங்கை எத்தனை நாளில் கொடுப்பது, பூனை யாரிடம், எடுத்த படங்களை எப்போது அழிப்பது. பணம், பொருள் பற்றிய தாளைத் தனியாக வையுங்கள்; உடலுறவு, நேரம் பற்றிய தாளோடு கலந்தால் நீதிமன்றத்தில் மொத்தமும் செல்லாது என்று வாதிட இடம் கொடுத்ததாகும்.

பிரிந்த வாரமே ஜாயின்ட் அக்கவுண்டை மூடுங்கள், புது உயில் எழுதி அதில் "முந்தையது ரத்து" என்று சொல்லுங்கள், மருத்துவத் தாள்களை டாக்டரிடமிருந்து திரும்ப வாங்குங்கள். நாமினி மாற்ற ஒவ்வொரு வங்கிக் கிளைக்கும் தனித்தனியாக மனு கொடுக்க வேண்டியிருக்கும். மாற்றியதற்கான ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள்.